வழியனுப்பப் போனவர்கள் தொடங்கி வைத்த பந்தயம்

1956 ஜூலையில் இங்கிலாந்தின் தெற்குக் கரையில் இருக்கும் டார்பேயிலிருந்து போர்ச்சுகலின் லிஸ்பனுக்கு ஒரு பாய்மரக் கப்பல் பந்தயம் நடந்தது. சுமார் 20 கப்பல்கள் கலந்துகொண்டன. நார்வேயிலிருந்து ‘கிறிஸ்டியன் ராடிக்’ போன்ற பெரிய வெள்ளைக் கப்பல்கள் வந்திருந்தன. ஆனால் ஜெயித்தது ‘மோயானா’ என்ற சின்னக் கப்பல். இரண்டே பாய்மரங்கள். சவுத்தாம்ப்டன் மாலுமிப் பள்ளியின் பிள்ளைகள் அதை ஓட்டிப் போனார்கள். கோப்பையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் வழியில், லிசார்ட் முனைக்கு அருகே புயலில் சிக்கி அந்தக் கப்பல் மூழ்கிப் போனது. ‘கிளான் மக்லீன்’ என்ற சரக்குக் கப்பல் பக்கத்தில் வந்து நின்று எல்லோரையும் உயிரோடு மீட்டது.

பாய்மரக் கப்பல் பந்தயம் நடத்தும் ஒரு சங்கத்தின் வரலாறு இப்படித் தொடங்கினால் அதோடு முடிந்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் அது முடிவதற்காகவே தொடங்கியது. ஏற்பாடு செய்தவர்கள் அந்தப் பந்தயத்தைப் பெரிய பாய்மரக் கப்பல்களுக்கு ஒரு கடைசி வணக்கமாகத்தான் நினைத்தார்கள். நீராவியும் டீசலும் கடலை எடுத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. மிச்சமிருந்த கப்பல்களை ஒருமுறை ஒன்றாக நிறுத்திப் பார்த்துவிட்டு அனுப்பிவிடலாம் என்பதே யோசனை. அந்த வழியனுப்பு விழா எழுபது வருடங்களாக முடியவில்லை. இன்று அந்தச் சங்கம் ‘செயில் டிரெய்னிங் இன்டர்நேஷனல்’ (சர்வதேசப் பாய்மரப் பயிற்சி அமைப்பு) என்ற பெயரில், சுமார் முப்பது நாடுகளின் தேசிய அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டு, கோடைதோறும் ஐரோப்பியக் கடலில் பந்தயம் நடத்துகிறது.

ஏன் நிற்கவில்லை என்பதுதான் கேள்வி. கப்பல்கள் மேல் மக்களுக்கு இருந்த ஆசை என்பது பாதி பதில்தான். மறுபாதி, பயிற்சி என்ற சொல்லின் அர்த்தமே நடுவழியில் மாறிப் போனதில் இருக்கிறது.

முதலில் இந்த யோசனை தோன்றிய மனிதரைச் சொல்லிவிடுகிறேன். பெர்னார்ட் மோர்கன், லண்டனில் வழக்கறிஞராக இருந்து ஓய்வு பெற்றவர். கப்பல் முதலாளியும் இல்லை, கடற்படைத் தளபதியும் இல்லை. வெவ்வேறு நாடுகளில் மாலுமிப் பயிற்சி பெறும் பிள்ளைகள் ஒன்றாகக் கடலில் போட்டி போட்டால் நன்றாக இருக்குமே என்று அவருக்குத் தோன்றியது. அதை லண்டனில் இருந்த போர்ச்சுகல் தூதர் பெட்ரோ தியோடோனியோ பெரேராவிடமும், அப்போது பிரிட்டிஷ் கடற்படையின் தலைமையில் இருந்த மவுண்ட்பேட்டனிடமும் கொண்டு போனார். மவுண்ட்பேட்டன் என்றதும் நமக்கு 1947-தான் ஞாபகம் வரும், அதே ஆள்தான். எடின்பரோ கோமகன் இளவரசர் பிலிப் புரவலராக இருக்க ஒப்புக்கொண்டார். ஒரு குழு அமைந்தது, பந்தயம் நடந்தது, கரையெல்லாம் கூட்டம் அலைமோதியது. இவ்வளவு பேர் வருவார்கள் என்று குழு எதிர்பார்க்கவில்லை. உடனே ‘செயில் டிரெய்னிங் அசோசியேஷன்’ என்ற பெயரில் நிரந்தர அமைப்பாக்கி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடத்துவது என்று முடிவு செய்தார்கள்.

சரி, அந்தக் காலத்தில் பாய்மரப் பயிற்சி எதற்கு இருந்தது? தொழிலுக்குத்தான். சில நாடுகளில் வணிகக் கப்பலில் அதிகாரியாக வேண்டுமென்றால், இயந்திரம் இல்லாத கப்பலில் சில காலம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற எண்ணம் பலமாக இருந்தது. ஜெர்மனியில் கப்பல் நிறுவனங்கள் சேர்ந்து ‘பாமிர்’, ‘பாசாட்’ என்று நான்கு பாய்மரங்கள் கொண்ட இரண்டு பெரிய கப்பல்களை ஓட்டின. பயிற்சிச் செலவை ஈடுகட்ட அவற்றிலேயே சரக்கும் ஏற்றினார்கள்.

டார்பே பந்தயம் நடந்து ஒரு வருடம் தாண்டிச் சில வாரங்களில் அந்த எண்ணத்துக்குப் பெரிய அடி விழுந்தது. 1957 செப்டம்பர் 21 அன்று, அர்ஜென்டினாவிலிருந்து பார்லி ஏற்றி வந்த பாமிர், அட்லான்டிக்கில் ‘கேரி’ சூறாவளியில் கவிழ்ந்தது. கப்பலில் இருந்த 86 பேரில் 6 பேர்தான் பிழைத்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் பயிற்சிக்கு வந்த இளைஞர்கள். பார்லியை மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி ஏற்றியிருந்தார்கள். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்ததும் தானியம் முழுக்க அந்தப் பக்கம் சரிந்தது. சாய்ந்த கப்பல் பிறகு நிமிரவே இல்லை. சில வாரங்களில் பாசாட்டையும் சேவையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அது இன்று டிராவமுண்டேயில் அசையாமல் நிற்கிறது. சரக்கு ஏற்றிக்கொண்டே பயிற்சியும் கொடுக்கும் பழக்கம் அத்தோடு ஓய்ந்தது.

இங்கேதான் இன்னொரு எண்ணம் கைகொடுத்தது. அது ஏற்கெனவே வேறொரு இடத்தில் முளைத்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்கள் குண்டடி பட்டு மூழ்கும்போது, உயிர்காப்புப் படகில் ஏறிய வாலிபர்கள் சாகிறார்கள், பாய்மரத்தில் பழகிய வயதானவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று ‘புளூ ஃபன்னல்’ கப்பல் கம்பெனியின் லாரன்ஸ் ஹோல்ட்டுக்குப் பட்டது. கல்வியாளர் கர்ட் ஹானுடன் சேர்ந்து 1941-இல் வேல்ஸில் அபெர்டோவி என்ற ஊரில் ஒரு பள்ளி தொடங்கினார். கடல், மலை என்று வெளியே கூட்டிப் போய் இளைஞர்களைப் பழக்கும் ‘அவுட்வர்ட் பவுண்ட்’ இயக்கத்தின் பிறப்பு அதுதான். அங்கே கொடுப்பது கடலுக்கான பயிற்சி என்பதைவிட, கடல் வழியாக வாழ்க்கைக்குக் கொடுக்கும் பயிற்சியாக இருக்க வேண்டும் என்பது ஹோல்ட்டின் கருத்து.

பாமிருக்குப் பிறகு பாய்மரச் சங்கத்தைக் காப்பாற்றியது இந்தக் கருத்துதான் என்று எனக்குப் படுகிறது. மாலுமி வேலைக்குப் பாய்மரம் தேவையில்லை என்றாகிவிட்டது. 1978-இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு கப்பல் பணியாளர்களின் பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் உலகப் பொது உடன்படிக்கை கொண்டுவந்தபோது, அதில் பாய்மர அனுபவம் கட்டாயம் என்று இல்லை. ஆனால் மாலுமியாகப் போகாத ஒரு பிள்ளைக்குப் பாய்மரம் என்ன கொடுக்கும் என்று கேட்டால் விஷயமே வேறு. சங்கம் அந்தக் கேள்விக்கு இடம் மாறிக்கொண்டது.

அது மாறியதற்கு அடையாளமாக இரண்டு கப்பல்களைச் சொல்லலாம். சங்கம் தனக்கென்று ‘சர் வின்ஸ்டன் சர்ச்சில்’ என்ற மூன்று பாய்மரக் கப்பலை 1966-இல் ஓட்டத் தொடங்கியது. அடுத்த இரண்டு வருடத்தில் அதே மாதிரி ‘மால்கம் மில்லர்’ வந்தது. மால்கம் மில்லர் என்பது கார் விபத்தில் இறந்துபோன ஒரு இளைஞனின் பெயர். அவன் அப்பா லண்டன் மேயராக இருந்தவர்; மகன் நினைவாகக் கப்பலுக்குப் பணம் திரட்டிக் கொடுத்தார். இந்தக் கப்பல்களில் ஏறியவர்கள் யாரும் மாலுமிகள் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள், தொழிற்சாலைப் பயிலுநர்கள். பையன்களுக்குத் தனியாக, பெண்களுக்குத் தனியாகப் பயணங்கள் போயின. இரண்டு வாரம் கடலில் இருந்துவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள்.

அந்த இரண்டு வாரத்தில் என்ன நடக்கும்? ஒரே ஒரு காட்சியை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். பாய்மரத்தில் குறுக்காகக் கட்டியிருக்கும் கட்டைக்கு நம் கடலோடிகள் பருமல் என்பார்கள். சதுரப் பாயைச் சுருட்டிக் கட்ட வேண்டுமென்றால் ஆள் அந்தப் பருமலின் மேல் போக வேண்டும். வயிற்றைப் பருமலில் சாய்த்துக்கொண்டு, கீழே தொங்கும் ஒற்றைக் கயிற்றில் கால் வைத்து நிற்க வேண்டும். அந்தக் கயிறு எல்லோருக்கும் பொது. புதிதாக ஒருவர் கால் வைத்தால் ஏற்கெனவே நிற்பவரின் கால் கீழே இருக்கும் கயிறு திடீரென்று மேலே எழும்பும். அதனால் கால் வைப்பதற்கு முன் ‘ஏறுகிறேன்’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். நிற்பவர் ‘சரி’ என்ற பிறகுதான் ஏறலாம். பதினாறு வயதுப் பிள்ளை முப்பது மீட்டர் உயரத்தில், காற்றில், முன்பின் தெரியாத ஒருவரிடம் அனுமதி கேட்டுவிட்டுக் கால் வைக்கிறது. ஆளுமை வளர்ச்சி என்று அறிக்கைகளில் எழுதுவார்களே, அதில் பாதி இந்தக் கயிற்றில்தான் இருக்கிறது.

பந்தய விதிகளையும் இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும். கப்பலில் இருப்பவர்களில் பாதிப் பேராவது 15 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும். இது மாறாத விதி. நீர்மட்ட நீளம் குறைந்தது 9.14 மீட்டர் என்று இன்னொரு விதி. இது என்ன கணக்கு என்று யோசித்தால், முப்பது அடியை மீட்டரில் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சதுரப் பாய்க் கப்பல்களும் 40 மீட்டருக்கு மேல் நீளமான மற்றவையும் ‘ஏ’ வகுப்பு. அதற்குக் கீழே பழைய பாணிப் பாய் கட்டியவை ‘பி’. புதுப் பாணிப் படகுகள் ‘சி’, ‘டி’. ஒவ்வொரு கப்பலுக்கும் அதன் உருவத்தையும் பாயையும் வைத்து ஒரு எண் கொடுப்பார்கள்; ஓடிய நேரத்தை அந்த எண்ணால் பெருக்கி வருவதுதான் கணக்கில் எடுக்கும் நேரம். மோயானா ராட்சதக் கப்பல்களை ஜெயித்ததற்கு இந்தத் திருத்தக் கணக்குதான் காரணம். அதனால் யார் முதலில் கோட்டைத் தாண்டினார்கள் என்று கரையில் நிற்பவர்களுக்குத் தெரியும்; யார் ஜெயித்தார்கள் என்று கணக்குப் போட்டவருக்குத்தான் தெரியும்.

அதைவிட விசித்திரம், இருப்பதிலேயே பெரிய கோப்பை வேகத்துக்கு இல்லை. நாடுகளுக்கு இடையே நட்பையும் புரிதலையும் வளர்க்க யார் அதிகம் செய்தார்களோ அந்தக் கப்பலுக்கு அது போகிறது. நடுவர் குழு கிடையாது. கப்பல் தலைவர்களும் மாலுமிகளுமே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1970-களில் இது வந்தபோது பெயர் ‘கட்டி சார்க் கோப்பை’. கட்டி சார்க் என்பது பழைய தேயிலைக் கப்பல் ஒன்றின் பெயர். ஆனால் இங்கே அது ஒரு விஸ்கியின் பெயரும்கூட. அந்த விஸ்கி நிறுவனம்தான் 2003 வரை பந்தயத்துக்குப் பணம் கொடுத்தது. இளைஞர்களை நல்வழிப்படுத்தும் சங்கத்தை முப்பது வருடம் விஸ்கி தாங்கிப் பிடித்தது. இதை யாரும் ஒளிக்கவில்லை. கொடி கட்டிப் பறக்கவிட்டார்கள்.

நட்புக் கோப்பை வந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். பனிப்போர் உச்சத்தில் இருந்தது. 1972-இல் போலந்தின் ‘தார் போமோர்ஸா’ வந்தது. கிழக்கு அணியிலிருந்து பந்தயத்துக்கு வந்த முதல் கப்பல் அது. வந்த முதல் தடவையே தன் வகுப்பில் ஜெயித்தும் காட்டியது. 1974-இல் பந்தயமே கோபன்ஹேகனிலிருந்து போலந்தின் க்டினியாவுக்குப் போனது. சோவியத் யூனியனின் ‘குருஸென்ஷ்டெர்ன்’, ‘தவாரிஷ்’ இரண்டும் சேர்ந்துகொண்டன.

இந்தக் கப்பல்களின் பூர்வீகம் ஒரு தனிக் கதை. ஜெர்மன் கடற்படையின் ‘நியோபே’ என்ற பயிற்சிக் கப்பல் 1932-இல் ஒரு திடீர்க் காற்றில் கவிழ்ந்து 69 பேர் இறந்தார்கள். இனி இப்படி ஆகக்கூடாது என்று ஹாம்பர்க்கில் ‘புளோம் உண்ட் ஃபோஸ்’ தளத்தில் பாதுகாப்பான புது வடிவத்தில் ‘கோர்க் ஃபோக்’ கட்டினார்கள். அதே வரைபடத்தை ஒட்டி இன்னும் சில கப்பல்கள். ருமேனியா தனக்கு ஒன்று செய்து வாங்கிக்கொண்டது, அது ‘மிர்ச்சா’. போர் முடிந்ததும் ஜெயித்தவர்கள் மற்றவற்றைப் பங்கு போட்டார்கள். ‘ஹோர்ஸ்ட் வெஸ்ஸல்’ அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ‘ஈகிள்’ ஆனது. ‘ஆல்பர்ட் லியோ ஷ்லாகெட்டர்’ பிரேசில் வழியாகப் போர்ச்சுகலுக்குப் போய் ‘சாக்ரெஸ்’ ஆனது. ‘கோர்க் ஃபோக்’கை ஜெர்மானியர்களே தங்கள் ஸ்ட்ரால்சுண்டு துறைமுகத்தில் மூழ்கடித்திருந்தார்கள், சோவியத் படை அதைத் தூக்கி எடுத்துத் ‘தவாரிஷ்’ என்று பெயர் வைத்தது. தோழர் என்று அர்த்தம். ‘குருஸென்ஷ்டெர்ன்’ இந்தக் குடும்பம் இல்லை, ஆனால் அதுவும் ஜெர்மனியில் 1926-இல் ‘படுவா’ என்ற பெயரில் கட்டிய சரக்குக் கப்பல்தான். அமெரிக்காவின் இருநூறாவது ஆண்டுக்காக 1976-இல் கப்பல்கள் அட்லான்டிக் தாண்டி நியூயார்க்கில் கூடியபோது, இந்தச் சகோதரக் கப்பல்கள் வெவ்வேறு கொடிகளோடு ஒரே துறைமுகத்தில் நின்றன. பெரிய சதுரப் பாய்க் கப்பல்களில் கயிறுகளைக் கட்டும் வரிசை கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும்; இருட்டிலும் கை தானாகப் போய்ப் பிடிக்க வேண்டும் என்பதற்காக. சகோதரக் கப்பல்களில் கேட்கவே வேண்டாம். மொழி தெரியாத மாலுமிக்கும் கயிறு எங்கே இருக்கும் என்று தெரியும்.

அதே 1976 பந்தயத்தில் பெர்முடாவில் புறப்படும்போதே அர்ஜென்டினாவின் ‘லிபர்தாத்’தும் ஸ்பெயினின் ‘ஹுவான் செபஸ்தியான் தே எல்கானோ’வும் மோதிக்கொண்டன என்பதையும் சொல்ல வேண்டும். நட்பு வேறு, புறப்படும் கோட்டில் இடம் பிடிப்பது வேறு.

சங்கம் ஊர் தாண்டிப் பரவிய விதத்தில் திட்டம் என்று பெரிதாக எதுவும் இல்லை. யாராவது ஒருவர் வந்து பார்ப்பார், ஊருக்குப் போய் அதே மாதிரி ஒன்று தொடங்குவார். பார்க்லே வார்பர்ட்டன் என்ற அமெரிக்கர் 1972-இல் தன் ‘பிளாக் பேர்ல்’ கப்பலோடு வந்து கலந்துகொண்டார். அடுத்த வருடமே ரோட் ஐலண்டில் அமெரிக்கச் சங்கம் உருவாயிற்று. பிரிட்டனில் 1986-இல் வந்த ‘லார்ட் நெல்சன்’ சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் சேர்ந்து ஓட்டும்படி கட்டப்பட்டது. கப்பலின் முன்பக்கமான அணியத்தின் நுனிவரை நாற்காலி போகும், பார்வை இல்லாதவர் சுக்கான் பிடிக்கத் திசைகாட்டி பேசும். அதை வடிவமைத்த காலின் மூடியின் கையிலிருந்துதான் ஆஸ்திரேலியாவின் ‘யங் எண்டெவர்’, மலேசியாவின் ‘துனாஸ் சமுத்ரா’, 1997-இல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த ‘தரங்கிணி’ எல்லாம் வந்தன. தரங்கிணி கோவாவில் கட்டியது. 2003, 2004-இல் உலகைச் சுற்றி வந்தது.

வளர்ச்சியின் விலையையும் பேச வேண்டும். 1984 ஜூன் 3 அன்று, பெர்முடாவிலிருந்து ஹாலிஃபாக்ஸ் போகும் பந்தயத்தில், ‘மார்க்கெஸ்’ என்ற பழைய கப்பல் விடிவதற்குள் ஒரு திடீர்க் காற்றில் சாய்ந்து, நடுத் திறப்பு வழியாகத் தண்ணீர் புகுந்து, ஒரு நிமிடம் போல நேரத்தில் மூழ்கியது. 28 பேரில் 19 பேர் போய்விட்டார்கள். பிழைத்தவர்களைத் தூக்கியதும் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்த போலந்துக் கப்பல்தான், ‘ஸவிஷா சார்னி’. அழகான பழைய கப்பல் எல்லாமே பிள்ளைகளை ஏற்றத் தகுந்த கப்பல் ஆகாது என்று சங்கமும் அரசுகளும் புரிந்துகொள்ள அந்த விடியல் தேவைப்பட்டது. சாய்ந்தால் நிமிரும் திறன், திறப்புகளை அடைக்கும் முறை, சான்றிதழ் என்று எல்லாவற்றிலும் கேள்விகள் எழுந்தன, விதிகள் இறுகின. விதி இறுகினால் செலவு ஏறும். செலவு ஏறினால் சின்ன அறக்கட்டளைகள் தள்ளாடும். ‘லார்ட் நெல்சன்’ ஓட்டிய அமைப்பே 2023-இல் மூடப்பட்டுவிட்டது.

பணம் வருவது துறைமுக நகரங்களிடமிருந்து. பந்தயம் தங்கிப் போகும் நகரம் அதற்குக் கட்டணம் கட்டுகிறது. பதிலுக்கு நான்கு நாள் திருவிழா, கரையெல்லாம் கூட்டம், கடைகளுக்கு வியாபாரம். நகரத்துக்கு வேண்டியது ‘ஏ’ வகுப்பு. உயரமான பாய்மரம் இருந்தால்தான் படத்தில் எடுபடும். ஆனால் பெரிய கப்பல்களில் பல கடற்படைகளுக்குச் சொந்தம், அதில் வருவது சீருடை போட்ட பயிற்சி அதிகாரிகள். எந்தப் பின்னணியும் இல்லாமல் வரும் பிள்ளைக்கு இடம் கிடைப்பது பெரும்பாலும் யாரும் படம் எடுக்காத சின்னப் படகில். இந்த முரண்பாட்டைச் சங்கம் தீர்த்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு பந்தயங்களுக்கு நடுவே அது வைத்திருக்கும் கூட்டுப் பயணம்தான் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. அந்தக் கட்டத்தில் போட்டி கிடையாது. பிள்ளைகள் கப்பல் மாறிக்கொள்வார்கள். சின்னப் படகில் வந்தவர் ஒரு வாரம் பெரிய கப்பலில் ஏறிக்கொள்ளலாம்.

2002-இல் பந்தயத்தை நடத்தும் பொறுப்பு பிரிட்டிஷ் சங்கத்தின் கையிலிருந்து தனியான சர்வதேச அறக்கட்டளைக்கு மாறியது. இப்போதைய பெயர் அப்போது வந்ததுதான். 2006-இல் ஐம்பதாவது வருடத்துக்காக மறுபடி டார்பேயிலிருந்து லிஸ்பனுக்கு ஓடினார்கள். 2020-இல் கொரோனா நிறுத்தியது. 2022 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யக் கொடி பறக்கும் கப்பல்களுக்குத் தன் துறைமுகங்களை மூடியது. 1974-இல் திறந்த கதவு அதோடு சாத்திக்கொண்டது. ‘தவாரிஷ்’ அதற்குள் உக்ரைன் கொடியின் கீழ் கொஞ்ச காலம் இருந்து, பழைய பெயரோடு ஸ்ட்ரால்சுண்டுக்கே அருங்காட்சியகமாகத் திரும்பிவிட்டிருந்தது. ‘குருஸென்ஷ்டெர்ன்’ மட்டும் இன்னும் ஓடுகிறது. அதன் தாய்த் துறைமுகம் பால்டிக் கரையில் இருக்கும் கலினின்கிராட். 2024 பந்தயம் அதற்கு வடக்கே, லித்துவேனியாவின் கிளைபெடாவில் புறப்பட்டு, பால்டிக்கைச் சுற்றி, மேற்கே போலந்தின் ஷ்செச்சினில் முடிந்தது. கலினின்கிராட் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.